எறும்பும் மூளையும்: ஓகுஸ்ற் ஃபோறெல் விட்டுச் சென்றவை

சுவிஸ் நாட்டின் ஆயிரம் பிராங் தாளில் ஒரு காலத்தில் அரசனுடைய படமோ படைத்தளபதியுடைய படமோ இருக்கவில்லை. தாடி வைத்த ஒரு வைத்தியருடைய படம் இருந்தது. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் எறும்புகள் இருந்தன. 1978 இல் வெளிவந்த அந்தத் தாள் 2000 ஆம் ஆண்டு மே மாதம் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் பிந்தி வந்த எம்மவர் பலர் அதைக் கண்டிருக்கமாட்டீர்கள். ஆனால் வேலைத்தளத்தில் வயதான சுவிஸ்காரர்களோடு பேசிப் பாருங்கள். ஆயிரம் பிராங்கை அவர்கள் சில வேளைகளில் 'அமைசே' என்று சொல்வார்கள். டொச் மொழியில் அதற்கு எறும்பு என்று பொருள்.

அந்த வைத்தியரின் பெயர் ஓகுஸ்ற் ஃபோறெல். மூளையை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். இவரைப் பற்றி நம் பத்திரிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகள் வளரப்போகும் நாடு இது. இந்த நாடு தன் அறிஞர்களை எப்படிப் பேணி வைத்திருக்கிறது, அவர்கள் செய்த நன்மையை என்ன செய்கிறது, தீமையை என்ன செய்கிறது என்பதை அறிவது நமக்கு நல்லது. பாதுகாக்க வேண்டியவற்றைப் பாதியிலேயே பறிகொடுத்து வந்தவர்கள் நாம். அதனால் இந்தக் கதை நமக்கு அந்நியமானது அல்ல.

தனிமையில் வளர்ந்த சிறுவன்

1848 செப்ரெம்பர் 1 ஆம் திகதி, வோ மாநிலத்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மோர்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஃபோறெல் பிறந்தார். அதே ஆண்டில்தான் சுவிசின் கூட்டாட்சி அரசியலமைப்பும் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தன் வைத்தியப் பணியை நிலைகொள்ளச் செய்ததும் அந்தக் காலத்தில்தான். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் அவர்.

ஃபோறெலின் தாய் மிகவும் பயந்த சுபாவம் உள்ளவர். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடி விளையாட மகனை விடமாட்டார். விளையாட ஆளில்லாத சிறுவன் தோட்டத்தில் குந்தியிருந்து எறும்புகளைப் பார்த்தான். எவை சண்டை பிடிக்கின்றன, எவை இரை கொண்டு போகின்றன என்று மணிக்கணக்காகப் பார்த்தான். எறும்புகளைப் பற்றி ஜெனீவா அறிஞர் பியேர் ஹூபர் எழுதிய நூலைப் பாட்டி பரிசாகக் கொடுத்தார். அன்று பிடித்த அந்தப் பைத்தியம் சாகும்வரை அவரை விடவில்லை.

1874 இல், தன் இருபத்தாறாவது வயதில், சுவிஸ் நாட்டு எறும்புகள் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பரிணாமக் கொள்கையைத் தந்த சார்ள்ஸ் டார்வின் அதைப் படித்துவிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். இங்கே மாடிவீடுகளில் நான்கு சுவருக்குள் வளரும் நம் பிள்ளைகள் ஒரு பூச்சியையோ ஒரு பூவையோ அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், "வந்து படி" என்று அதட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூளையை அரிந்து பார்த்தவர்

ஃபோறெல் சூரிச்சில் மருத்துவம் படித்தார். பிறகு வியன்னாவுக்கும் மியூனிச்சுக்கும் போனார். மியூனிச்சில் அவருக்கு ஆசானாக இருந்தவர் பேர்ண்ஹார்ட் வொன் குடன். பவேரியாவின் மன்னர் இரண்டாம் லூட்விக்குக்கு வைத்தியம் பார்க்கப் போய், 1886 இல் மன்னரோடு சேர்ந்து ஏரியில் இறந்து கிடந்தவர் இந்தக் குடன்தான்.

மூளை மிகவும் மென்மையான பொருள். அதை ஒழுங்காக வெட்டிப் பார்ப்பது அந்த நாட்களில் பெரும் பாடு. கடைகளில் இறைச்சியைக் கடதாசி போல மெல்லிதாக அரியும் மெசினைக் கண்டிருப்பீர்கள். அது போன்ற, ஆனால் அதைவிட எத்தனையோ மடங்கு நுட்பமான ஒரு வெட்டும் கருவி குடனின் ஆய்வுகூடத்தில் உருவானது. அதை வைத்து ஒரு முழு மனித மூளையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு துண்டும் தவறாமல் வரிசையாக அரிந்தெடுத்தார் ஃபோறெல். அதன் பயனாக 1877 இல் மூளையின் அடிப்பகுதியில் ஓர் இடத்தை அவர் விரிவாக எழுதிவைத்தார். உலகம் முழுவதும் உள்ள மருத்துவ நூல்களில் அந்த இடத்துக்கு இன்றும் 'ஃபோறெல் புலங்கள்' என்றுதான் பெயர். அவருடைய பெயர் கொண்ட ஓர் இடம் உங்கள் தலைக்குள்ளும் இருக்கிறது, என் தலைக்குள்ளும் இருக்கிறது. இது வெறும் பெயர் மட்டுமல்ல. பார்க்கின்சன் என்னும் கைகால் நடுக்க நோய்க்கு, மண்டையைத் திறக்காமலே ஒலி அலைகளைக் குவித்துச் செய்யும் சிகிச்சை ஒன்று சுவிசிலேயே நடைபெறுகிறது. அந்த அலைகள் குறிவைக்கும் இடங்களில் ஒன்று இந்த ஃபோறெல் புலத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மூளையில் உள்ள நரம்பு இழைகள் எல்லாம் மீன்பிடி வலை போல ஒன்றோடொன்று முடியப்பட்டிருக்கின்றன என்றுதான் அன்று பல அறிஞர்கள் நம்பினார்கள். ஃபோறெலுக்கு இதில் சந்தேகம் வந்தது. ஒரு நரம்பை அறுத்துவிட்டால் அதற்குச் சொந்தமான கலங்கள் மாத்திரமே கருகிப் போகின்றன, மற்றவை சுகமாக இருக்கின்றன. எல்லாம் ஒரே வலை என்றால் கேடு எங்கும் பரவ வேண்டாமா? ஆகவே ஒவ்வொரு நரம்புக் கலமும் தன் இழைகளோடு தனித்தனியானது, அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன என்று அவர் முடிவு செய்தார். கிணறு வெட்டும்போது ஆட்கள் வரிசையாக நின்று மண் கூடையைக் கைமாற்றுவார்களே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் பிறந்தவர்கள் அல்ல. ஆனாலும் கூடை மேலே வந்து சேருகிறது.

1886 இல் இதை எழுதி ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினார். அது அச்சாகி வந்தது 1887 இன் தொடக்கத்தில். அதற்குள் பாசலில் பிறந்த வில்ஹெல்ம் ஹிஸ் என்ற இன்னொரு அறிஞர் தானாகவே இதே கருத்துக்கு வந்து, 1886 முடிவதற்குள் அச்சிலும் கொண்டுவந்துவிட்டார். பின்னர் ஸ்பெயின் நாட்டவரான ரமோன் இ கஹால், கலங்களுக்கு நிறமூட்டி, அவை தனித்தனியானவை என்பதைக் கண்ணால் காணும்படி செய்தார். 1891 இல் வால்டையர் என்ற ஜேர்மனியர் இந்தக் கலத்துக்கு 'நியூரோன்' என்று பெயர் வைத்தார். 1906 இல் நோபல் பரிசு கஹாலுக்கும், வலைக் கொள்கையைக் கடைசிவரை விடாத இத்தாலியர் கொல்ஜிக்கும் போனது. ஃபோறெலுக்குக் கிடைக்கவில்லை. சில மாதத் தாமதம் ஒரு மனிதனின் பெயரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டது.

சப்பாத்துத் தைப்பவரிடம் பாடம் கேட்ட பேராசிரியர்

1879 இல் ஃபோறெல் சூரிச்சிலுள்ள புர்க்ஹோல்ஸ்லி மனநல வைத்தியசாலையின் பணிப்பாளரானார். 1898 வரை அங்கே இருந்தார். ஊரில் யாரையாவது கேலி செய்ய "இவனை அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று சொல்வோம் அல்லவா? சூரிச்சில் அதே தொனியில் சொல்லப்பட்ட பெயர் புர்க்ஹோல்ஸ்லி. இன்று அது சூரிச் பல்கலைக்கழகத்தின் மனநல வைத்தியசாலை.

அங்கே குடியால் அழிந்த மனிதர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். மருந்து கொடுத்தார்கள், புத்தி சொன்னார்கள், சுகமாக்கி அனுப்பினார்கள். போன வேகத்திலேயே அவர்கள் திரும்பி வந்தார்கள். அதே ஊரில் பொஸ்ஹார்ட் என்ற சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் பேசினால் குடிகாரர்கள் குடியை விட்டார்கள். பேராசிரியர் அவரிடமே போய், எங்களால் முடியாதது உங்களால் எப்படி முடிகிறது என்று கேட்டார். நான் குடிப்பதில்லை, நீங்கள் குடிக்கிறீர்கள், அதுதான் வித்தியாசம் என்ற பொருளில் அந்தத் தொழிலாளி பதில் சொன்னார். ஃபோறெல் கோபிக்கவில்லை. அளவோடு வைன் குடித்துவந்தவர் அதையும் அடியோடு விட்டுவிட்டார். 1889 இல் சூரிச் மாநிலத்தில் எலிகொன் என்ற கிராமத்தில் குடிநோயாளருக்கான நிலையம் திறக்கப்பட்டபோது, அதை நடத்தும் பொறுப்பு அந்தச் சப்பாத்துத் தொழிலாளியிடமே கொடுக்கப்பட்டது. அந்த நிலையம் பிற்காலத்தில் ஃபோறெல் கிளினிக் என்று பெயர் பெற்றது.

இந்த இடத்தில் நாமும் கொஞ்சம் நம்மைப் பார்க்க வேண்டும். தனிமை, இரவு வேலை, விசாவுக்கான காத்திருப்பு, ஊரில் இழந்தவர்களின் நினைவு. இவற்றை மறக்க என்று தொடங்கிய குடி, எத்தனை குடும்பங்களில் மனைவி பிள்ளைகளின் நிம்மதியைக் குடித்துவிட்டது? நம் மண்டபங்களில் பிறந்தநாள் விழா என்றாலும் போத்தல் இல்லாமல் நடப்பது குறைவு. குடி ஒழுக்கக் கேடு மட்டுமல்ல, அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்று இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு முன்பே எழுந்து நின்று சொன்னவர்களில் முக்கியமானவர் ஃபோறெல்.

மனநோயும் அப்படித்தான். என் தாயின் தம்பி ஒருவர் ஊரில் இருந்தார். ஷெல் விழுந்த நாளிலிருந்து அவர் பேசுவதை விட்டுவிட்டார். நூல் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், ஆட்கள் வந்தால் பின் அறையில் இருத்தினார்கள். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஒரு படம்கூட இப்போது எங்கள் குடும்பத்தில் இல்லை. அவருக்கு வந்தது என்ன நோய் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. இங்கே அந்த நிலைமை இருக்கத் தேவையில்லை. மனநல வைத்தியரின் சிகிச்சைக்கு அடிப்படை மருத்துவக் காப்புறுதி பணம் கொடுக்கும். நம் பங்காகிய பிராஞ்சிஸ் முதலிய தொகைகள் மற்ற வருத்தங்களுக்கு உள்ளது போலத்தான். 2022 யூலை முதல், வைத்தியர் எழுதிக் கொடுத்தால் உளவியலாளரின் சிகிச்சைக்கும் காப்புறுதி பொறுப்பேற்கிறது. வைத்தியரும் அவருக்கு உதவியாக வேலை செய்பவர்களும் நம் இரகசியத்தை வெளியே சொல்வது சட்டப்படி குற்றம். முதலில் குடும்ப வைத்தியரிடம் மனம் விட்டுப் பேசுங்கள்.

மறைக்கக் கூடாத பக்கம்

ஃபோறெல் நல்லதை மட்டும் செய்தார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். மனிதரில் உயர்ந்த பரம்பரை, தாழ்ந்த பரம்பரை என்று உண்டு, தாழ்ந்தவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்க வேண்டும் என்ற கொள்கையை அவர் வலுவாக ஆதரித்தார். புர்க்ஹோல்ஸ்லியில் இருந்த காலத்தில், அந்தக் கொள்கைப்படி நோயாளர் மீது சத்திரசிகிச்சை செய்விக்கவும் துணிந்தார். மனித இனங்களையும் மேல், கீழ் என்று பிரித்து எழுதினார். வெள்ளையர் அல்லாத நம்மைப் போன்றவர்கள் அந்த அடுக்கில் எங்கே நிற்போம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாதியின் பேரால் பிறப்பை அளந்த சமூகத்திலிருந்து வந்த நமக்கு, இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும்.

அவருடைய சொந்த மாநிலமான வோ, 1928 இல் மனநோயாளருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய வழிவிடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் இத்தகைய முதற் சட்டம் அதுதான். 1985 வரை அது நீக்கப்படவில்லை. மற்ற மாநிலங்களில் சட்டம் இல்லாமலே இந்தக் கொடுமை நடந்தது. பெரும்பாலும் ஏழைகளும், திருமணமாகாத தாய்மாரும், கேட்பார் இல்லாதவர்களுமே இதற்குப் பலியானார்கள்.

இவையெல்லாம் எப்படி வெளியே வந்தன? அந்த நாளைய நோயாளர் கோப்புகளை அவர்கள் எரித்துவிடவில்லை. புர்க்ஹோல்ஸ்லியின் பழைய கோப்புகள் சூரிச் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பின்வந்த ஆய்வாளர்கள் அவற்றைத் திறந்து படித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களும் வாய் திறந்தார்கள். 2013 ஏப்ரலில் சுவிஸ் அரசாங்கம், கட்டாய நடவடிக்கைகளுக்கு ஆளானவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங் வழங்கப்பட்டது. போன வாழ்க்கைக்கு அது ஈடாகாது. ஆனால் ஒரு அரசு தன் பிழையைத் தன் காகிதங்களிலிருந்தே எடுத்துப் படித்து ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களைக் கையில் ஏந்திக்கொண்டு கேட்பதும் அந்த ஒப்புதலைத்தானே!

புகழைக் காப்பாற்றுவதற்காகக் கோப்பை ஒளித்திருந்தால் அநியாயமும் ஒளிந்திருக்கும். குற்றத்துக்காக எல்லாவற்றையும் வீசியிருந்தால் மூளையைப் பற்றிய அந்த அரிய அறிவும் போயிருக்கும். ஃபோறெலின் மார்பளவுச் சிலையைப் பற்றி சூரிச் பல்கலைக்கழகத்தில் வாதம் நடந்ததுண்டு. சிலை இருப்பதும் எடுப்பதும் அவர்கள் விடயம். காகிதம் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஜெனீவாவில் எறும்புகள்

ஃபோறெல் தன் ஆயுளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட எறும்பு வகைகளுக்கு விளக்கம் எழுதிப் பெயர் கொடுத்தார். அவருடைய பெரும் எறும்புச் சேகரிப்பு ஜெனீவாவின் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. இந்தியாவினதும் இலங்கையினதும் எறும்புகளைப் பற்றியும் அவர் பல பகுதிகளாக ஒரு தொடர் எழுதினார். 1892 முதல் அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. நம் வளவுகளில் ஊர்ந்து திரிந்தவற்றை நாம் காலால் தட்டிவிட்டுப் போனோம். அவர் அவற்றை எண்ணி, எழுதி, பெயர் ஒட்டி வைத்தார்.

எறும்பிடம் அவர் கண்ட ஒரு விசேடத்தைச் சொல்ல வேண்டும். எறும்புக்கு இரைப்பைக்கு முன்னால் ஒரு பை உண்டு. உண்ட சாரத்தை அதில் சேமித்து வந்து, பசித்த கூட்டாளிக்கு வாயோடு வாய் வைத்துக் கொடுக்கும். ஃபோறெல் இதைச் 'சமூக வயிறு' என்று அழைத்தார். மாதச் சம்பளம் வந்ததும் தன் பசியைப் பின்னுக்கு வைத்து ஊருக்குக் காசு அனுப்பும் எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடைசிக் காலத்தில் வோ மாநிலத்து இவோர்ன் கிராமத்தில், 'எறும்புப் புற்று' என்று பெயர் வைத்த வீட்டில் வாழ்ந்தார். 1912 இல் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. இடது கையால் எழுதப் பழகி, தொடர்ந்து எழுதினார். 1931 யூலை 27 இல் காலமானார்.

சுவிஸ் மூளை ஆராய்ச்சி இவரோடு முடியவில்லை. ரஷ்யாவில் பிறந்து சிறுவனாக சூரிச்சுக்கு வந்த கொன்ஸ்தாந்தின் வொன் மொனாக்கோவ், அங்கே மூளை உடற்கூற்று நிலையத்தை உருவாக்கினார். சூரிச் பேராசிரியர் வால்டர் ருடோல்ஃப் ஹெஸ் 1949 இல் நோபல் பரிசு பெற்றார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை இந்த நாட்டின் அறிவுக்கே தூணாகலாம் என்பதற்கு மொனாக்கோவ் சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. எரிந்தவற்றுள் வேறு பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த இழப்பை இனி ஈடுசெய்ய முடியாது. ஆனால் நம் வீடுகளில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற முடியும்.

பெட்டிக்குள் இருக்கும் படங்களின் பின்னால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். அப்பா அம்மாவிடம் அவர்களுடைய தாய் தந்தையர், தொழில், இடம்பெயர்ந்த பாதை எல்லாவற்றையும் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். நம் வைத்தியர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கக்காரர், கலைஞர்கள் பற்றிய துண்டுப் பிரசுரமாக இருந்தாலும் எறிய வேண்டாம். எழுதும்போது பெருமையை மட்டும் எழுதாதீர்கள். கோயிலுக்குள் யாரை விடவில்லை, கிணற்றில் யாரைத் தொட விடவில்லை, யாரைப் பின் அறையில் ஒளித்து வைத்தோம் என்பதையும் எழுதுங்கள். பிள்ளைகள் அதைப் படித்து நம்மை வெறுக்கமாட்டார்கள். நாம் பொய் சொல்லவில்லை என்று நம்புவார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விடயம். பழைய தளபாடக் கடையில் வாங்கிய அலுமாரிக்குள்ளோ பழைய புத்தகத்துக்குள்ளோ அந்த எறும்புத் தாள் அகப்பட்டால், செல்லாக் காசு என்று நினைத்துவிட வேண்டாம். 2020 இல் சட்டம் மாற்றப்பட்டதால், சுவிஸ் தேசிய வங்கி அதைக் காலவரையின்றி முழுப் பெறுமதிக்கு மாற்றிக் கொடுக்கும். ஆனால் முதலில் அந்தத் தாள் யாருடையது என்று விசாரித்து, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் திருப்பிக் காட்டுங்கள்.